இரண்டு வருடம் என்றவரும் எழுபது வருடம் என்றவரும்

வேலை போன அன்று எனக்கு வயது 44. பதினொரு வருடம் ஒரே நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு, உங்கள் பிரிவையே மூடுகிறோம் என்றார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கணக்குத் தீர்த்தபோது ஏழு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை கைக்கு வந்தது. அதில் மூன்று மாதச் சம்பளத்தை நானே விட்டேன். அதைவிடப் பெரிதாக, என் அவசரத்தால் பதினொரு மாதத்தையும் விட்டேன். இரண்டும் எப்படிப் போயின என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் கிறிஸ்தவன். இன்றும் விசுவாசத்தில்தான் இருக்கிறேன், சொல்லப்போனால் அன்றைக்கு இருந்ததைவிட உறுதியாக. ஆனால் நாளை என்ன ஆகுமென்று தெரியாத நேரத்தில் விசுவாசத்திடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

முதல் மூன்று வாரம் ஓரளவு தைரியமாகவே இருந்தேன். விண்ணப்பங்கள் அனுப்பினேன், பழைய நண்பர்களிடம் பேசினேன். நான்காவது வாரத்தில்தான் பயம் வந்தது. பகலில் அடங்கியிருக்கும், இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் பகுதி நேர வருமானத்தில் வீட்டு வாடகையைத் தாண்டி எதுவும் மிஞ்சாது. இருட்டில் உட்கார்ந்து ஜெபிப்பேன். ஆனால் அது ஜெபம் என்று இப்போது சொல்ல மாட்டேன். "என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும் ஆண்டவரே, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதையே வேறு வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய பதிலாக எடுத்துக்கொள்ளவும் ஆரம்பித்தேன். நல்ல வசனம் வந்தால் அரை நாள் நிம்மதி. நியாயத்தீர்ப்பு வசனம் வந்தால் அன்று முழுவதும் சோறு இறங்காது. இதைச் செய்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வேதாகமம் அப்படிப் படிப்பதற்காக எழுதப்பட்ட புத்தகம் அல்ல. பயந்த மனிதனை அந்தப் பழக்கம் இன்னும் பயமுறுத்தும்.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் அனுப்பினார்கள். வேதாகமத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நான் எதிர்பார்த்திருந்த முடிவு பழைய சம்பளத்தில் ஒரு வேலை. அது வரப்போகிறது என்று தேவனே எழுதிக் கொடுத்துவிட்டார் என்றுதான் அதைப் படித்தேன். கண்ணாடியில் ஒட்டி வைத்துக் காலையும் மாலையும் சொன்னேன்.

இரண்டாவது மாதம் ஒருவர் என்னை ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பேசியவர் தீர்க்கதரிசனம் சொல்பவர் என்றார்கள். அவர் பெயரோ ஊழியத்தின் பெயரோ இங்கே வேண்டாம். கூட்டத்தின் முடிவில் என்னை முன்னால் அழைத்துத் தலையில் கை வைத்தார். "மூன்று மாதத்துக்குள் கதவு திறக்கும். இழந்ததைப் போல இரண்டு மடங்கு வரும். அதற்கு முன்னால் சிறிய கதவுகள் திறக்கும், அவற்றில் நுழைந்துவிடாதே" என்றார். நான் தேம்பி அழுதேன். இரண்டு மாதமாக என் காதில் விழாத ஒரு சொல் அது: நிச்சயம். கூட்டம் முடிந்ததும் அவருடைய உதவியாளர் வந்து, வாக்குத்தத்தத்தைப் பெற்றவர்கள் விசுவாச விதை விதைக்க வேண்டும் என்றார். ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டபோதே எனக்குள் ஏதோ உறுத்தியது. விசுவாசம் இல்லாத உறுத்தல் அது என்று நினைத்து அடக்கிவிட்டேன்.

மூன்றாவது மாதம் ஒரு வேலை வந்தது. பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள், நான் அறிந்த வேலை. "இது அந்தச் சின்னக் கதவு" என்று எனக்குத் தோன்றியது. வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிவிட்டு முழங்கால் போட்டு நன்றியும் சொன்னேன். இன்று அதை நினைத்தாலும் வயிற்றில் ஏதோ பிசைகிறது. என் குடும்பம் கேட்ட அன்றாட அப்பத்தை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அடுத்த வேலை கிடைக்க அங்கிருந்து பதினொரு மாதம் ஆனது.

மூன்று மாதக் கெடு தாண்டியது. திரும்பப் போய்க் கேட்டேன். "வார்த்தை தவறாது, உன் விசுவாசத்தில்தான் குறை" என்று பதில் வந்தது. இந்த முறை இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் காணிக்கை வீண் என்று ஒப்புக்கொண்டால், தள்ளிவிட்ட வேலையும் வீண் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொள்ளும் பலம் எனக்கு அப்போது இல்லை. பயத்தைவிட இதுதான் என்னை ஆழமாக இழுத்துக்கொண்டு போனது.

எட்டாவது மாதம் பிள்ளையின் கட்டணத்துக்காக வங்கிக் கணக்கைப் பார்த்த மனைவிக்கு எல்லாம் தெரிந்தது. அவள் சத்தம் போடவில்லை. "பணம் போனது எனக்குப் பெரிசில்லை. எட்டு மாசமா ரெண்டு பேரும் ஒரே அறையில முழங்கால்ல நின்னோம். என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு முதன்முறையாகத் தேவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஜெபிக்கவே முடியவில்லை. சபைக்குப் போவதையும் நிறுத்தினேன், ஏறக்குறைய ஐந்து வாரம். சாட்சி சொல்லும் நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. வேலை கிடைத்தவர், சுகம் பெற்றவர், குழந்தை பெற்றவர்தான் எழுந்து நின்று பேசுவார்கள். கேட்டும் கிடைக்காதவர்கள் அதே வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். சாட்சிகளை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்காதீர்கள் என்று இப்போது யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். அங்கே கேட்பது பாதிக் கதைதான்.

திருப்பம் கோபத்திலிருந்துதான் வந்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்த வசனத்தைக் கிழித்துப் போடப் போனேன். கிழிப்பதற்கு முன்னால், இதை யாருக்கு எழுதினார்கள் என்றாவது பார்ப்போம் என்று எரேமியா முழுவதையும் படிக்க முடிவு செய்தேன். மொத்தம் 52 அதிகாரம். நாளுக்கு ஒன்று. இருபத்தெட்டாம் நாள் அனனியாவின் கதை வந்தது. பிறந்ததிலிருந்து சபையில் இருக்கும் எனக்கு அந்த அதிகாரம் தெரியவே தெரியாது.

கதை இதுதான். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ராஜாவையும் ஜனங்களில் ஒரு பகுதியையும் சிறைப்பிடித்துக்கொண்டு போய்விட்டான். மிச்சமிருந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் ஒரே கேள்விதான்: எப்போது திரும்பி வருவோம்? அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்பும் நின்று, இரண்டே வருடம், எல்லாரும் எல்லாமும் திரும்பி வந்துவிடும் என்று கர்த்தருடைய பெயரால் சொல்கிறான். அடிமைத்தனத்துக்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மரநுகத்தைக் கழற்றி, எல்லோரும் பார்க்க உடைக்கிறான். கேட்டவர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு. கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை, அவன் ஜனங்களைப் பொய்யை நம்பும்படி செய்தான் என்று எரேமியா பிறகு அவன் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். அந்த வருடமே அனனியா இறந்துபோகிறான்.

அடுத்த அதிகாரம்தான் 29. பாபிலோனில் இருப்பவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. கண்ணாடியில் நான் ஒட்டியிருந்த பதினோராம் வசனத்துக்கு நேர் மேலே பத்தாம் வசனம் இருக்கிறது: எழுபது வருடம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன். எழுபது! கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக எல்லோரும் அதற்குள் அந்நிய மண்ணிலேயே இறந்திருப்பார்கள். அவர்களிடம்தான் உங்கள்பேரில் நான் வைத்திருக்கும் நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்று சொல்லப்பட்டது. அதற்கும் மேலே ஐந்தாம் வசனத்தில், "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று இருக்கிறது. ஏழாம் வசனத்தில், சிறையிருக்கிற அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபியுங்கள் என்று இருக்கிறது. எட்டில், உங்கள் நடுவே இருக்கிற தீர்க்கதரிசிகளிடம் மோசம் போகாதீர்கள்.

அன்று வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மூன்று மாதம் என்று ஒருவர் சொன்னார், அவர்களுக்கு இரண்டு வருடம் என்று ஒருவன் சொன்னான். பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னது அந்தப் பேச்சு. தோட்டம் போடச் சொன்னது தேவன். நான் எட்டு மாதமாகப் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் வந்த தோட்டத்தையும் வேண்டாம் என்று அனுப்பியிருந்தேன். ஆனால் இதில் ஒரு பெரிய ஆறுதலும் இருந்தது. எனக்கு நடந்தது, தேவன் என்னைக் கைவிட்டதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. அவர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக நான் நம்பியிருந்தேன். அது பொய்யாகிப்போனால் பொய்யானவர் அவரல்ல.

அப்புறம் நான் செய்தவற்றைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். முதலில் என் ஜெபத்தை மாற்றினேன். மாற்றினேன் என்பதைவிட, உண்மை பேச ஆரம்பித்தேன் என்பதே சரி. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறார் தாவீது. 88-ஆம் சங்கீதம் விடியாமலே முடிகிறது, எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். இப்படிப்பட்ட ஜெபங்களை வேதாகமத்துக்குள் வைக்கத் தேவனுக்குத் தயக்கம் இல்லை என்றால், என் கோபத்தையும் அவர் முன் வைக்கலாம் என்று தைரியம் வந்தது. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராத நாட்களில் இந்தச் சங்கீதங்களைச் சத்தமாக வாசியுங்கள். ஜெபமே நின்றுபோவதைவிட, குறை சொல்லி ஜெபிப்பது மேல். குறை சொல்வதற்காவது அவர் எதிரே நிற்க வேண்டியிருக்கிறதே.

"விசுவாசக் குறைவு" என்ற குற்றச்சாட்டுதான் கடைசியாக இறங்கிய பாரம். கெத்செமனே தோட்டத்தை மறுபடி படித்தபோதுதான் அது இறங்கியது. சிலுவைக்கு முந்தின இரவு, பாடுகளின் பாத்திரம் தன்னைவிட்டு நீங்கும்படி இயேசுவே அங்கே மூன்று முறை ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல், தன் மாம்சத்திலிருந்த முள் என்று அவரே சொன்ன ஒரு வேதனைக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை, கிருபை உனக்குப் போதும் என்ற பதில்தான் வந்தது. இவர்களுக்கு எந்த விசுவாசம் குறைந்தது? கேட்டது கிடைக்காத ஒருவரிடம் இந்தப் பழியைச் சுமத்துகிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் ஒரு முறை படிக்க வேண்டும்.

பண விஷயத்தில் என் முடிவு கறாரானது. காணிக்கை நல்லது, நான் இன்றும் என் சபையில் கொடுக்கிறேன். ஆனால் உங்கள் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, அதே மூச்சில் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். "அதின் தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறிசொல்லுகிறார்கள்" என்று மீகா தீர்க்கதரிசி கண்டித்தது இதைத்தான். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று அப்போஸ்தலர் 8-இல் இருக்கிறது. யாராவது உங்களிடம் நாள் குறித்துச் சொன்னால் அந்தத் தேதியை எழுதி வையுங்கள், இரண்டு பேரிடம் சொல்லியும் வையுங்கள். அதை நம்பி வேலையை விடவோ, வந்த வேலையைத் தள்ளவோ, மருந்தை நிறுத்தவோ, கடன் வாங்கவோ வேண்டாம். வீட்டில் இருப்பவரிடம் மறைத்துச் செய்ய வேண்டிய எந்த விசுவாசச் செயலையும் செய்யாதீர்கள். இந்த ஒன்றை நான் பின்பற்றியிருந்தால் முதல் நாளே தப்பியிருப்பேன்.

உடம்பையும் நான் கவனிக்கவில்லை. பல மாதம் இரவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவில்லை, உபவாசம் வேறு. 1 இராஜாக்கள் 19-இல் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவன் அவருக்கு முதலில் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டார். "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று இரண்டாம் முறை கொடுத்தான். ஓரேப் மலையில் தேவன் அவரோடு பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். நான் மருத்துவரிடம் போனேன். அது மனச்சோர்வு என்று சொல்லி ஆறு மாதம் மருந்து கொடுத்தார். மருந்து சாப்பிட்டுக்கொண்டே ஜெபித்தேன், இரண்டுக்கும் சண்டை வரவில்லை. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஜெபக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், மருத்துவரிடம் போங்கள். நான் அந்த எண்ணத்தோடு இரண்டு வாரம் தனியாக இருந்தேன். அந்த இரண்டு வாரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சபைக்குத் திரும்பியபோது பொதுவாக "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதை விட்டேன். இரண்டு பேரிடம் மட்டும் முழுக் கதையையும் சொன்னேன். ஒருவர் என் போதகர். அவர் என்னைத் திட்டவில்லை. "இதை முதல் மாசமே நீ எங்கிட்ட சொல்ற மாதிரி நான் இருந்திருக்கணும், தம்பி" என்றார். இன்னொருவர் சபையிலுள்ள ஒரு வயதான அக்கா, கணவரை இழந்தவர். அவர் எந்த வசனமும் சொல்லவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூப்பிட்டு, "இந்த வாரம் என்ன வேணும்?" என்று கேட்டார். இந்த வருடம் என்ன ஆகும் என்று கேட்கவே மாட்டார். அந்தக் கேள்வி என் கணக்கையே மாற்றியது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் அன்றன்றைக்கு என்று கொடுத்த உணவான மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது, ஓய்வுநாளுக்கான பங்கு மட்டுமே கெடாமல் இருந்தது. நானும் மனைவியும் ஒரு நோட்டு வாங்கினோம். வாரத்துக்கு ஒரு பக்கம்: இந்த வாரம் தேவைப்படுவது என்ன, வந்தது என்ன, வராதது என்ன. வராததையும் எழுதினோம். வண்டியை விற்றதும் அண்ணனிடம் கடன் வாங்கியதும் அதில் இருக்கிறது. எதிர்பாராமல் வந்த இரண்டு மாதத் தற்காலிகக் கணக்கு வேலையும் அதில் இருக்கிறது. அந்த நோட்டைப் புரட்டும்போது அதிசயமாக எதுவும் தெரியாது. ஆனால் 27 வாரத்தில் ஒரு வாரம்கூட நாங்கள் பசியோடு படுக்கவில்லை என்று தெரியும்.

நம்பிக்கை என்ற சொல்லே எனக்கு வேறாகிவிட்டது. முன்பு அது, நான் கேட்டது நடக்கும் என்ற எண்ணம். இப்போது எதுவும் நடக்காமல் போகலாம் என்பதையும் சேர்த்தே நம்புகிறேன். சிலுவையில் அறையப்பட்டவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பது உண்மையானால், என் கதையின் கடைசிப் பக்கம் என் வேலையின் கையில் இல்லை. "இம்மைக்காகமாத்திரம்" கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்தால் எல்லா மனுஷரைப் பார்க்கிலும் பரிதாபமானவர்கள் நாம்தான் என்று பவுல் எழுதியதை முன்பு வேகமாகக் கடந்துவிடுவேன். எட்டு மாதம் அந்தப் பரிதாபத்தில் வாழ்ந்த பிறகுதான் அந்த வசனம் எனக்குள் இறங்கியது.

பதினான்காவது மாதம் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் முக்கால் பங்கு, ஒரு வருட ஒப்பந்தம். இரண்டு மடங்கு வரவில்லை. கொடுத்த காணிக்கையைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. அண்ணனின் கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

எரேமியாவில் 32-ஆம் அதிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது, நகரம் விழப்போகிறது என்று எரேமியாவுக்கே தெரியும், அவர் காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கும் உறவுக்காரனுடைய நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கு என்கிறார் கர்த்தர். சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பத்திரம் அநேக நாள் கெடாமல் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார் எரேமியா. அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது பயிர் செய்ததாக வேதாகமத்தில் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

என் ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று இன்னும் சொல்லவில்லை. மகள் கேட்ட படிப்பு மூன்று வருடம். நானும் மனைவியும் இரண்டு இரவு பேசினோம், ஜெபித்தோம், நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். முதல் தவணையை நேற்றுக் கட்டிவிட்டு வந்தேன்.